புதுப்பிப்பு: அம்மாவின் தோள் இறுக்கத்துக்கு போவன் சிகிச்சை, போய் வந்தோம்

மெல்பர்னில் இருக்கும் அம்மாவின் தோள் இறுக்கத்துக்கு போவன் சிகிச்சை (தசைகளைக் கைவிரலால் மென்மையாக உருட்டும் முறை) சரிவருமா, அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் டாக்டரிடம் காட்டச் சொன்னபடியே செய்தோம். எலும்பில் கோளாறு இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் போனோம். மெல்லிய பருத்திச் சுடிதார் போதும் என்ற அக்காவுக்குத் தனி நன்றி. உடைக்கு மேலேயே செய்தார்கள், அம்மாவுக்குக் கூச்சமே இல்லை.

எண்ணெய் கிடையாது, நெட்டி முறிப்பதும் கிடையாது. கட்டைவிரலால் தோலை லேசாக நகர்த்தி, தசைமேல் ஓர் உருட்டு. அப்புறம் சிகிச்சையாளர் அறையை விட்டே வெளியே போய்விடுகிறார்! சில நிமிடம் உடம்பை அப்படியே விடுவதும் சிகிச்சையில் சேர்த்தியாம். ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் டாம் போவன் என்பவர் உருவாக்கிய முறை இது. "அவ்வளவுதானா?" என்று அம்மா என்னைப் பார்த்தார்.

எதிர்பாராதது, மறுநாள் அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலி. தானாகவே விட்டது. இப்போது அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குகிறார், எனக்கு அதுவே பெரிய நிம்மதி. இந்த முறைக்கு ஆய்வு ஆதாரம் குறைவுதான். கை இன்னும் முழுசாக மேலே போகவில்லை. அதற்கு பிசியோ கொடுத்த பயிற்சிகளைத் தொடர்கிறோம்.