மெத்தைச் செடியா, சும்மாட்டுச் செடியா?

> 'குஷன் பிளான்ட்' என்பதற்கு மெத்தைச் செடி போதும். அந்த வகை மலைச்செடியான சைலீன் அகாலிஸுக்கு, 'மாஸ் கேம்பியன்' என்ற ஆங்கிலப் பெயரை ஒட்டி, மலைப்பாசிப் பூ என்று வைத்துவிடலாம்.

ஐயா, வணக்கம். கலைச்சொல் பட்டியலுக்கு நீங்கள் சொன்ன இந்த இரண்டு பெயருக்கும் என் மனம் ஒப்பவில்லை.

பாசியை முதலில் முடித்துவிடுகிறேன். எங்கள் பாம்பன் பக்கம் பாசி என்றால் பெண்கள் கடலில் முங்கி எடுத்து வருவது. இந்தச் செடியோ கார்னேஷன் குடும்பம். ஐந்து இதழோடு இளஞ்சிவப்பாகப் பூக்கும். பெயரில் பாசி இருந்தால் 'இது பாசி இல்லை' என்றுதான் ஆசிரியர் பாடத்தையே தொடங்க வேண்டும்.

மெத்தைதான் பெரிய சிக்கல். மெத்தை என்றதும் பரந்து கிடப்பது தோன்றும். அடும்பு அப்படித்தான்: தனுஷ்கோடி மணலில் கொடியோடி, கணுவுக்குக் கணு வேர்விட்டுக் கிடக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் அங்கே நின்றவர்களுக்குத் தெரியும், தரையோடு ஒட்டியதுதான் பிழைக்கும். மலைச்செடியும் தரையோடுதான் ஒட்டுகிறது, ஆனால் வழி வேறு. ஆல்ப்ஸ், ராக்கி மலைகளில் மரம் வளரும் எல்லைக்கு மேலேயும் ஆர்க்டிக் வட்டாரத்திலும் ஒரே ஆணிவேரை இறக்கி, அதிலிருந்தே அத்தனை கிளையும் கிளம்பி, நெருக்கியடித்து ஒரே மட்டத்தில் நின்றுவிடும். காற்று மேலே வழுக்கிப் போகும். வெயிலில் உள்ளே வெளிக்காற்றைவிடச் சூடு. காய்ந்த இலை அங்கேயே மட்கி ஈரம் பிடித்துக்கொள்ளும். வளர்ச்சி மிக மெதுவு. நூறு வயது தாண்டிய திண்டுகள் உண்டு.

இதற்குச் சும்மாடுதான் சொல். என் அப்பத்தா மீன்கூடையைத் தலையில் தூக்குமுன், அடியில் வைக்க பழைய சேலைத்துண்டை முறுக்கி, சுற்றி, முனையை உள்ளே செருகி, உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்துவார். அப்புறம் விரல் நுழையாது. ஒரே துணி, அத்தனை சுற்று. ஒரே வேர், அத்தனை கிளை. வயதான செடிகளில் நடு பட்டுப்போவதும் உண்டு. அப்போது மிஞ்சும் வளையம் அசல் சும்மாடுதான்.

> சொல் பிடித்திருக்கிறது அம்மா. ஆனால் நகரத்துப் பிள்ளைகள் சும்மாடு பார்த்திருப்பார்களா? நீங்களே 'நூறு வயது தாண்டிய திண்டுகள்' என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்?

ஆமாம் ஐயா, திண்டு என்றுதான் வந்தது. சரி, அந்த மேட்டு வடிவத்துக்குத் திண்டு இருக்கட்டும். வளரும் முறைக்குச் சும்மாட்டுச் செடி வேண்டும். திண்டு எப்படி உருவாகிறது என்பது அந்தச் சொல்லில் இல்லை. பார்க்காத பிள்ளைக்கு ஒரு துண்டைச் சுற்றிக் காட்டினால் செடியும் சேர்ந்தே விளங்கும்.

அகாலிஸ் என்பதற்குத் தண்டில்லாதது என்று பொருள். தண்டு இருக்கிறது, குட்டையாக உள்ளே ஒளிந்திருக்கிறது. அதனால் 'தண்டிலி' வேண்டாம். திண்டின் தெற்குப் பக்கத்துப் பூக்கள் முதலில் விரிவதால் இதைத் திசைகாட்டிச் செடி என்றும் அழைக்கிறார்கள். தென்முகச் சும்மாடு என்று பட்டியலில் ஏற்றலாமா?