டம்ப்பில் இருந்து ரீஸ்டோர் செய்தால் இரண்டு டேட்டா செட் (ஃபைல்) மட்டும் வரவில்லை. எங்கே போயின?

ராத்திரி_ஷிஃப்ட்:
ஐபிஎம் மெயின்ஃபிரேமில் இசட்/ஓஎஸ் டெஸ்ட் எல்பார் (மெஷினில் பிரித்த ஒரு பகுதி). எஸ்எம்எஸ் (சேமிப்பிடத்தைத் தானாக நிர்வகிக்கும் வசதி) கிடையாது. பழைய 3390 மாடல் 9 வால்யூம் (டிஸ்க்) ஆறையும் காலி செய்து புது வால்யூம் ஆறுக்கு மாற்றும் வேலை. ஏடிஆர்டிஎஸ்எஸ்யூ (டிஎஸ்எஸ் என்கிற பேக்கப் புரோகிராம்) வைத்து லாஜிக்கல் டம்ப் (டேட்டா செட் வாரியான பேக்கப்) எடுத்தேன்: லாக்இன்டைனாமில் ஆறு வால்யூம் பெயர், இன்க்ளூடில் இரட்டை நட்சத்திரம் (எல்லாப் பெயரும்). டேப்பில் இருந்து அவுட்டைனாமில் புது ஆறைக் கொடுத்து ரீஸ்டோர் ஓட்டினேன். 412 வர வேண்டும், 410தான் வந்தது. விடுபட்ட இரண்டும் பெரிய சீக்வென்ஷியல் ஃபைல். ஒன்று லெட்ஜர் ஹிஸ்டரி, சுமார் 9,100 சிலிண்டர் (டிஸ்க் இடத்தின் அளவு). ரீஸ்டோர் மூன்று தடவை ஓட்டியாயிற்று, அதே 410. நாளை மாலை பழைய வால்யூம்களை இனிஷியலைஸ் செய்து அழிக்கப் போகிறார்கள். வயிற்றைக் கலக்குகிறது.

ஜேசிஎல்_தம்பி:
டம்ப் ஓடும்போது யாராவது அந்த ஃபைலைத் திறந்து வைத்திருப்பார்கள். டாலரேட் என்க்யூ ஃபெயிலியர் (ஃபைல் பூட்டியிருந்தாலும் எடு என்ற கீவேர்டு) போட்டு மறுபடி டம்ப் எடுத்துப் பாருங்கள்.

பழைய_ஆபரேட்டர்:
அவசரப்படாதீர்கள் தம்பி. அதைப் போட்டால் இன்னொருவர் எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலும் டம்ப்புக்குள் வரும், பாதி பழசு பாதி புதுசாக. அப்படிப்பட்ட காப்பி இருப்பதைவிட இல்லாததே மேல்.

ராத்திரி_ஷிஃப்ட், ரீஸ்டோரை விடுங்கள். டம்ப் வேலையின் சிஸ்பிரிண்ட் அறிக்கையைத் திறந்து, வெற்றிகரமாக முடிந்தவை என்று ஏடிஆர் 454 மெசேஜ் தரும் பட்டியலில் அந்த இரண்டு பெயர் இருக்கிறதா பாருங்கள். அங்கே இல்லையென்றால் டேப்பிலும் இல்லை. முப்பது தடவை ரீஸ்டோர் ஓட்டினாலும் வராது. அப்புறம் லிஸ்ட்கேட் (எந்த ஃபைல் எங்கே என்ற பதிவேடான கேட்டலாக்கைக் காட்டும் கமாண்டு) போட்டு, அந்த டேட்டா செட் எந்தெந்த வால்யூமில் இருக்கிறது என்று எழுதுங்கள்.

ராத்திரி_ஷிஃப்ட்:
454இல் இல்லை சார். டம்ப் ஷெட்யூலரில் ஓடியது. ரிட்டர்ன் கோடு 4 வரை வந்தால் பாஸ் என்றுதான் அதில் வைத்திருக்கிறார்கள், நானும் உள்ளே பார்க்கவில்லை. லெட்ஜர் ஹிஸ்டரி மூன்று வால்யூமில் கிடக்கிறது: இரண்டு என் ஆறில், மூன்றாவது வொர்க்01 என்ற வேறு வால்யூமில். இன்னொன்றுக்கும் கடைசித் துண்டு அங்கேதான். ஆனால் என் ஆறில் இடம் நிறைய இருக்கிறதே, ஏன் வெளியே போனது?

பழைய_ஆபரேட்டர்:
அதுதான் திருடன். சாதாரண சீக்வென்ஷியல் டேட்டா செட் ஒரு வால்யூமில் 65,535 டிராக்குக்கு மேல் போக முடியாது. சிலிண்டருக்கு 15 டிராக், ஆக 4,369 சிலிண்டர். மாடல் 9இல் 10,017 சிலிண்டர் இருந்தும் உங்கள் ஃபைலுக்குப் பாதிகூடக் கிடைக்காது. 9,100க்கு மூன்று வால்யூம் வேண்டும். ஜேசிஎல்லில் (வேலையை ஓட்டும் கட்டளைகள்) வால்யூம் பெயர் சொல்லாமல் யூனிட் எண்ணிக்கை மட்டும் கொடுத்திருப்பார்கள், ஸ்டோரேஜாக (பெயர் சொல்லாத ஃபைல்களுக்கான பொது இடமாக) மவுண்ட் ஆகியிருந்த வொர்க்01ஐ சிஸ்டம் எடுத்துக்கொண்டிருக்கும்.

டிஎஸ்எஸ்ஸில் வால்யூம் பட்டியல் கொடுத்தால் செலக்ட்மல்டி என்று ஒரு கீவேர்டு உண்டு. எழுதாவிட்டால் ஆல் என்று எடுத்துக்கொள்ளும்: டேட்டா செட்டின் எல்லாத் துண்டும் பட்டியலில் இருந்தால்தான் தொடும். ஒரு துண்டு வெளியே இருந்தாலும் முழு டேட்டா செட்டையும் விட்டுவிடும். செலக்ட்மல்டி எனி போடுங்கள். ஒரு துண்டு பட்டியலில் இருந்தாலே வெளியே இருப்பதையும் சேர்த்து முழுசாக எடுக்கும். முதலில் ஜேசிஎல்லின் பார்மில் டைப்ரன் நோரன் கொடுத்து ஓட்டினால் எதையும் தொடாமல் தேர்வாகும் பெயர்களை மட்டும் காட்டும். 412 வருகிறதா எண்ணிவிட்டு நிஜ டம்ப்.

ஜேசிஎல்_தம்பி:
பேசாமல் ஆறையும் ஃபுல் வால்யூம் டம்ப் எடுத்துவிட்டால்?

பழைய_ஆபரேட்டர்:
அதிலும் வொர்க்01 வராது. ஆறு வால்யூமில் இருக்கும் துண்டுகள் வரும், வால் அறுந்த பல்லி மாதிரி. இப்படி டிஸ்க்கை அப்படியே எடுக்கும் ஃபிசிக்கல் டம்ப்பில் ஒவ்வொரு வால்யூமின் துண்டும் தனித்தனி. எல்லாமே ஒரே நேரத்து நிலையில் இருப்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மெஷின் முழுக்க மாற்றும்போது அது சரி, இதற்கு வேண்டாம்.

ரீஸ்டோரில் ஒன்று: நேராக அதே பெயரில் இறக்காதீர்கள். பழையது இன்னும் கேட்டலாக்கில் இருக்கிறது, மோதும். ரீநேம்யூ, கேட்டலாக் என்ற இரண்டு கீவேர்டும் போட்டு வேறு பெயரில் இறக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். சரியென்றால் பழையதை ஐடிகேம்ஸில் (கேட்டலாக்கைக் கையாளும் புரோகிராம்) டிலீட் நோஸ்கிராட்ச் செய்யுங்கள். கேட்டலாக் பதிவு மட்டும் போகும், டிஸ்க்கில் டேட்டா அப்படியே இருக்கும். பிறகு சொந்தப் பெயரில் ரீஸ்டோர்.

ராத்திரி_ஷிஃப்ட்:
நோரனில் 412. நிஜ டம்ப்பின் 454இலும் 412 பெயரை எண்ணிப் பார்த்துவிட்டேன். விடுபட்ட இரண்டையும் வேறு பெயரில் இறக்கி, பழையதிலும் புதியதிலும் ஐஸ்டூல் கவுண்ட் ஓட்டினேன். இரண்டுக்கும் ரெக்கார்டு எண்ணிக்கை ஒத்துப்போகிறது. லெட்ஜர் ஹிஸ்டரி இப்போது மூன்று வால்யூமும் என் புது ஆறுக்குள்ளேயே.

ஒரு சந்தேகம்: பழைய ஆறை இனிஷியலைஸ் செய்த பிறகு வொர்க்01இல் இருக்கும் அந்த மூன்றாவது துண்டு என்ன ஆகும்?

பழைய_ஆபரேட்டர்:
அனாதையாக விடிஓசியில் (அந்த வால்யூமின் உள்ளடக்கப் பட்டியல்) உட்கார்ந்து இடத்தை அடைக்கும். சொந்தப் பெயரில் ரீஸ்டோர் முடிந்து ஒரு வாரம் பிரச்சினை இல்லாமல் ஓடட்டும், பிறகு வால்யூம் பெயரைக் குறிப்பிட்டு அதை மட்டும் ஸ்கிராட்ச் செய்து அழியுங்கள். கேட்டலாக் வழியாகப் போய் டிலீட் கொடுத்தால் அதே பெயரில் இருக்கும் புதுசு போய்விடும், கவனம்.