ரேகன்ஸ்பூர்க்: பாலத்தின் வழியாக உள்ளே நுழைந்த அனுபவம்

வணக்கம் நண்பர்களே. ஐரோப்பாவின் பழைய ஆற்றங்கரை நகரங்களில் நடந்து திரிந்த அனுபவங்களை இங்கே பலர் எழுதிவருவதால், ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் டான்யூப் ஆற்றின் தென்கரையில் உள்ள ரேகன்ஸ்பூர்க்கைப் பற்றி நானும் எழுதுகிறேன். பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு எதிர்க்கரையான ஸ்டட்டாம்ஹோஃபில் இறங்கிவிட்டேன். அந்தத் தவறே நல்லதாக முடிந்தது; பழைய வணிகர்கள் வந்த வழியிலேயே, கற்பாலத்தின் மீது நடந்து ஊருக்குள் நுழைந்தேன்.

1135இல் தொடங்கி 1146இல் முடிக்கப்பட்ட பாலம் அது. முதலில் 16 வளைவுகள் இருந்தன. இன்று 15 தான் கண்ணுக்குத் தெரிகின்றன. என்னை நிறுத்தி வைத்தது வளைவுகளைவிட அவற்றின் அடிப்பகுதிதான். ஒவ்வொரு தூணும் படகு வடிவத்தில் நீண்டு கிடக்கும் ஒரு கல்திட்டின் மேல் நிற்கிறது. அந்தத் திட்டுகள் ஆற்றின் அகலத்தில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்வதால், எஞ்சிய இடைவெளிகளில் தண்ணீர் நெருக்கியடித்துப் பாய்ந்து, மறுபக்கம் வெளிவந்ததும் சுழல்களாகச் சுருள்கிறது. அரை மணி நேரமாவது கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1945 ஏப்ரலில், பின்வாங்கிய ஜெர்மன் படையே இந்தப் பாலத்தின் சில பகுதிகளை வெடிவைத்துத் தகர்த்தது. அவை 1967இல்தான் முழுமையாகச் சீரமைக்கப்பட்டன.

பாலத்தைக் கட்டியவரும் பேராலயத்தைக் கட்டியவரும் யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் கட்டினார்கள் என்றும், பாலக்காரர் சாத்தானின் உதவியால் வென்றார் என்றும் ஊரில் ஒரு கதை உண்டு. இன்றுள்ள கோதிக் பேராலயத்தின் வேலை தொடங்கியதோ 1273ஆம் ஆண்டையொட்டி. அதாவது தோற்றவர் பிறப்பதற்கு முன்பே போட்டி முடிந்துவிட்டது! பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்களின் கூர்முனைகளும் நான் நினைத்ததைப் போல இடைக்காலத்தவை அல்ல, 1869இல்தான் நிறைவுற்றன.

பாலத்தின் தென்முனையில், 1616 முதல் 1620 வரை கட்டப்பட்ட உப்புக் கிடங்கு செங்குத்தான பெரிய கூரையுடன் நிற்கிறது. படகில் வந்த உப்பை அங்கே சேமித்தார்கள். அதை அடுத்துள்ள சிறிய பழைய உணவகத்தின் சுவரில் வெள்ளம் ஏறிய அளவுகளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். சில குறிகள் என் தலைக்கு மேலே இருந்தன.

ஆனால் ஊரின் உண்மையான வியப்பு வாலன் தெருவில் காத்திருந்தது. ஏறத்தாழ 50 மீட்டர் உயரமுள்ள பொற்கோபுரத்தைப் பார்த்ததும் காவற்கோபுரம் என்றே எண்ணினேன். அது ஒரு வணிகக் குடும்பத்தின் வீடாம். இத்தாலியோடு வணிகம் செய்து பொருள் சேர்த்தவர்கள், அங்கே கண்ட வழக்கப்படி, பகையை எதிர்ப்பதற்காக அல்லாமல் செல்வத்தைக் காட்டுவதற்காகவே கோபுரங்களை எழுப்பினார்கள். பாலம் கொண்டுவந்த பணம் இப்படி மேல்நோக்கி வளர்ந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பக்கத்து வீட்டுக்காரரைவிட ஓர் அடியாவது உயர வேண்டும் என்ற ஆசை எந்த ஊருக்கும் புதிதல்ல போலும்.

❖

மேலே எழுதிய நண்பருக்கு: நானும் அங்கே இரண்டு நாள் தங்கியிருந்தேன். 1663 முதல் 1806 வரை, ஜெர்மன் நாடுகளை உள்ளடக்கிய புனித ரோமானியப் பேரரசின் நிரந்தர மன்றம் கூடிய பழைய நகர மண்டபத்தைப் பார்த்தேன். அதன் கீழ்த்தளத்து விசாரணை அறையில் சித்திரவதைக் கருவிகள் இருந்ததால் விரைவாக வெளியேறிவிட்டேன்.

நீங்கள் தவறவிட்டது ரோமானியக் கோட்டையின் வடவாயில் என்று நினைக்கிறேன். கி.பி. 179இல் நிறைவுற்ற அந்தக் கோட்டையின் வாயில் வளைவு, பிற்காலக் கட்டடம் ஒன்றின் வெள்ளைச் சுவருக்குள் பதிந்து கிடக்கிறது. சுண்ணாம்புப் பூச்சுக்கு நடுவே பெரும் கற்கள் திடீரெனக் கறுத்துத் தெரிகின்றன. வாயில் ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது. ரோமானியருக்கு டான்யூப் எல்லை, அக்கரை அயலாருடையது. நீங்கள் பேருந்திலிருந்து இறங்கியது அந்த அயல்நிலத்தில்தான்.