குதிரையில் போய் ஜியோகேஷிங்: தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் ஒளித்துவைத்த டப்பாவைத் தேடும் ஜியோகேஷிங் எனக்கு உயிர். 2000 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகனில் ஒளித்த ஒரு வாளியில் தொடங்கிய விளையாட்டு.

வாற ஆடியில் கனடாவில் இருக்கும் அக்காவிடம் போகிறேன். அங்கே பூங்காவின் சவாரிப் பாதையில் குதிரையிலேயே போய்த் தேடலாம் என்கிறா. எனக்கோ குதிரை புதுசு. போன் திறந்த வெளியிலேயே 5 மீற்றர் தள்ளிக் காட்டும். கடைசியில் இறங்கித்தான் கல்லைப் புரட்ட வேண்டும். கடிவாள வாரை மரத்தில் கட்டினால், குதிரை வெருண்டு இழுக்கும்போது அதன் வாய் காயப்படும் என்று வாசித்தேன். நினைக்கவே மனம் பதறுகிறது. கட்டுவதற்கு, வாயில் படாத தலைக்கயிறு தனியாகக் கொண்டுபோவதா, பிடித்து நிற்க இன்னொருவரைக் கூட்டிப்போவதா?

அப்புறம், திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சவாரி பழக்குபவர்கள் இருந்தால் சொல்லுங்கோ. பிரெட்றிக் கோட்டைப் பக்கம் வேண்டாம், அங்கே மான்கள் மேயும்.