அப்டேட்: வாவி ஆவணப்படத்துக்கு காசு தேடின கதை

மட்டக்களப்பு வாவியில இரால் பிடிக்கிற ஆக்களப் பத்தி ஒரு ஆவணப்படம் எடுத்துக்கிட்டிருக்கம், கைக்காசு முடிஞ்சு, எங்க அப்ளை பண்ணலாம் எண்டு முந்தி கேட்டிருந்தன்தானே. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி, நிலவரம் இதான்.

கன பேர் சொன்ன இட்ஃபா பெர்தா ஃபண்டத்தான் முதல்ல பாத்தன். ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவோட சேர்ந்தது, 1998ல வேற பேர்ல தொடங்கினது, ஆசியா, ஆபிரிக்கா, லத்தீன் அமெரிக்கா பக்கம் படம் எடுக்கிற ஆக்களுக்கு. கதைய வளர்க்கிற கட்டத்துக்கு ஒரு உதவி, எடுத்து எடிட் பண்ணி முடிக்கிறதுக்கு வேற உதவி. நாங்க ரெண்டாவதுக்குத்தான் போறம், காட்சி கொஞ்சம் கையில இருக்கு.

பட்ஜெட்தான் மண்டையக் காயவைக்குது. தோணிக்காரருக்கு குடுக்கிற கூலிக்கு பில்லுக்கு எங்க போற, மறுகா ரூபா விழுந்தெழும்புறதால யூரோவில போட்ட கணக்கு மாசத்துக்கு மாசம் மாறுது, ஒரு அண்ணன் சொன்னாரு எதிர்பாராத செலவுக்கு எண்டு பத்து வீதம் தனியா போடு எண்டு, அதக் கேட்டுத்தான் இப்ப திரும்ப எழுதுறன்.

சுனாமியும் சண்டையும் இருந்தாத்தான் எங்கட படத்த வெளிநாட்டில ஏத்துக்குவாங்க எண்டும் ஒருத்தர் எழுதியிருந்தீங்க. இருக்கலாம், ஆனா இரால் வலைக்குள்ள அதத் திணிக்க நான் தயாரில்ல.

கொல்கத்தாவில நடக்கிற டாக்எட்ஜ் எண்ட ஆவணப்பட நிகழ்ச்சியும் பாக்கிறன், ஆசிய ஆக்களுக்கு பிட்ச் பண்ண, அதாவது காசு போடுறவங்களுக்கு முன்னால படத்தப் பத்தி எடுத்துச் சொல்லப் பழக்குறாங்க, போய் வாற டிக்கெட் காசும் குறைவு.

கல்லடிப் பக்கம் இங்கிலீஷ் சப்டைட்டில் செய்யத் தெரிஞ்ச ஆராச்சும் இருந்தா இன்பாக்ஸ் வாங்க. ஃபண்ட் கிடைச்சாத்தான் சம்பளம், இப்பவே சொல்லிட்டன்.