பனிச்சறுக்குக் குழுப் பயணத்துக்கு வாடகை வண்டி: கையைக் கடிக்காமல் எடுப்பது எப்படி?

பட்டியலில் "9 சீட்" என்று போட்டிருந்தால், ஸ்கீ (காலில் மாட்டும் பனிச்சறுக்குப் பலகை) மூட்டைகளோடு அதில் நிம்மதியாக உட்கார்ந்து போகக்கூடியவர்கள் ஏழு பேர். புக் செய்யும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். பெரியவர்களின் ஸ்கீ 150 முதல் 185 செ.மீ. நீளம் இருக்கும். ஸ்னோபோர்டு (இரண்டு காலும் நிற்கும் ஒற்றைப் பலகை) 140 முதல் 165. ஆளுக்கொரு பூட்ஸ் பை வேறு. அது மடங்கவும் செய்யாது, நசுங்கவும் செய்யாது. இதற்கு மேல்தான் துணிப்பெட்டி.

ஐரோப்பாவில் கிடைக்கும் 9 சீட் வேன்கள் பெரும்பாலும் இரண்டு நீளத்தில் வரும்: ஏறக்குறைய 5 மீட்டர், அல்லது 5.3 மீட்டருக்கு மேல். கூடுகிற அந்த 30, 40 செ.மீ. பெரும்பாலும் கடைசி வரிசைக்குப் பின்னால் டிக்கியாகத்தான் கிடைக்கிறது. குட்டை வேனில் ஒன்பது பேர் ஏறினால் டிக்கியில் கைப்பை வரிசை ஒன்றுதான் நிற்கும். வாடகை வித்தியாசம் பெரிதாக இராது. ஆனால் "இந்த மாடல் அல்லது இதற்கு நிகரானது" என்று எழுதியிருந்தால் எந்த நீளம் கையில் வரும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். "நீள வகைதான் வேண்டும்" என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஸ்கீயைச் சீட்டுகளுக்கு அடியில் தரையோடு நீட்டிப் போடலாம், பெரும்பாலான வேன் பெஞ்சுகளுக்குக் கீழே இடைவெளி உண்டு. ஆட்களின் தோளுக்கு மேலாக நீட்டி வைப்பதும், கட்டாமல் விடுவதும் வேண்டவே வேண்டாம். சடன் பிரேக் போட்டால் முன்சீட்டுக்காரரின் பின்தலையில்தான் வந்து முட்டும்.

⁂

மேலே சொன்னதில் எடை விட்டுப்போயிற்று. 9 சீட் வேனின் சுமைத்திறன் மாடலைப் பொறுத்து ஏறக்குறைய 800 முதல் 1000 கிலோ. ஆளுக்கு 80 கிலோ என்றால் ஒன்பது பேர் 720. சாமான் ஆளுக்கு 25 கிலோ என்றால் இன்னும் 225. ஆக 945. அதாவது விளிம்பில் நிற்கிறீர்கள். இதோடு ஒரு வாரத்துக்கான மளிகையையும் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினால் பிரேக் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் மொத்த எடை வரம்பு இருக்கும், படித்துவிட்டு ஏற்றுங்கள்.

மேலே பெட்டி மாட்டிக்கலாமே என்பவர்களுக்கு: கூரைத் தாங்குதிறன் பல கார்களில் 75 முதல் 100 கிலோதான். பெட்டியும் கம்பிகளும் சேர்ந்தே 20, 25 கிலோ தின்றுவிடும். சொந்தப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டுவதை நிறைய வாடகை ஒப்பந்தங்கள் தடை செய்கின்றன. உயரமும் 40 செ.மீ. கூடும். ஸ்கீ ஊர்களில் நிலத்தடிப் பார்க்கிங் பல இடங்களில் 2 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், அங்கே நுழையவே முடியாது.

⁂

எட்டுப் பேர் என்றால் எதற்கு வேன்? இரண்டு ஸ்டேஷன் வேகன் (பின்னால் டிக்கி நீண்ட கார்) எடுங்க. சீசனில் வேன்களுக்குத்தான் அடிதடி, வாடகையும் அதனாலேயே ஏறும். சாதாரண கார்கள் நிறைய இருக்கும். நாலு பேர் உட்கார்ந்து பின்சீட்டில் மூன்றில் ஒரு பங்கை மடக்கினால் நாலு ஜோடி ஸ்கீ உள்ளேயே படுத்துவிடும். ஒரு கார் நின்றுபோனாலும் இன்னொன்று ஓடும். ஒருவருக்கு முழங்கால் பிசகினால் ஒரு காரில் டாக்டரிடம் போகலாம், மற்றவர்கள் நாள் கெடாது.

இதில் இழப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை. டோல், பார்க்கிங் இரண்டுமே இரட்டிப்பு. பனியில் ஓட்டத் தெரிந்தவர்கள் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், மாற்று ஓட்டுநர்களையும் சேர்த்தால் நாலு. கூடுதல் ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் தினக் கட்டணம் போடுவார்கள். 25 வயதுக்குக் கீழே என்றால் அதற்குத் தனியாக. ஒப்பிடும்போது வாடகையை மட்டும் பார்க்காதீங்க. வாடகை, டயர், செயின் (பனியில் வழுக்காமல் டயரில் மாட்டும் சங்கிலி), ஓட்டுநர் கட்டணம், காப்பீடு, எரிபொருள், டோல், பார்க்கிங் எல்லாவற்றையும் கூட்டித் தலைக்கு வகுத்துப் பாருங்க. தினவாடகையில் மலிவாகத் தெரிந்த வண்டி இந்தக் கூட்டலில் பல்லிளிப்பது சகஜம்.

இன்னொன்று, ஏழு நாள் வாடகை ஐந்து நாள் வாடகையைவிடக் குறைவாக வருவதுண்டு. இரண்டையும் போட்டுப் பாருங்க. நாள் கணக்கு 24 மணி நேரம், சலுகை நேரம் தாண்டி ஒரு மணி தாமதித்தாலும் இன்னொரு நாள் ஏறும்.

⁂

வண்டியைவிட டயரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். "விண்டர் டயர்" என்று கவுண்டரில் வாயால் சொல்வதில் ஒன்றும் இல்லை. டயரின் பக்கச் சுவரில் மூன்று முகடுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த குறி இருக்க வேண்டும். M+S என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அது தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்வது, அதற்குப் பனிச் சோதனை எதுவும் தேவையில்லை. மலைக்குறி போட வேண்டுமானால் பனியில் பிடிப்புச் சோதனையில் தேற வேண்டும். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து மலைக்குறி உள்ளதுதான் குளிர்காலக் கணக்கில் சேரும்.

பிரான்சில் மலைப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட ஊர்களில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை நான்கு குளிர்கால டயர் இருக்க வேண்டும், இல்லையேல் இரண்டு சக்கரங்களுக்காவது செயின் வண்டியில் இருக்க வேண்டும். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனியோ ஐஸோ இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். ரேடியல் டயரில் பள்ளம் 4 மி.மீ.க்குக் குறைந்தால் அது குளிர்கால டயராகவே எண்ணப்படாது. அமெரிக்காவில் கொலராடோவின் ஐ-70 நெடுஞ்சாலையில் டாட்சீரோவுக்கும் மாரிசனுக்கும் இடையே செப்டம்பர் முதல் மே வரை இதற்கெனச் சட்டமே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் செயின் கட்டுப்பாட்டுக்கு R1, R2, R3 என்று மூன்று படி. R2 வரை நாலு சக்கர இயக்கமும் பனி டயரும் இருந்தால் செயின் மாட்டாமல் விடுவார்கள், வண்டியில் மட்டும் இருக்க வேண்டும். R3 என்றால் எந்த வண்டிக்கும் விலக்கில்லை.

கவுண்டரில் "எஸ்யூவி தருகிறோம் சார்" என்றால் மயங்க வேண்டாம். நிறைய எஸ்யூவிகள் முன்சக்கர இயக்கம் மட்டுமே. உண்மையான நாலு சக்கர இயக்கம்கூட வண்டியைக் கிளப்பவும் ஏற்றவும்தான் உதவும். பிரேக் போட்டு நிற்பதும் வளைவில் திரும்புவதும் டயர் வேலை. கோடை டயர் போட்ட எஸ்யூவியைவிடக் குளிர்கால டயர் போட்ட சின்ன முன்சக்கர கார் பனி இறக்கத்தில் நம்பகமானது. 7 டிகிரிக்குக் கீழே போனாலே கோடை டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கத் தொடங்கிவிடும்.

அடிவாரத்தில் சரியாக இருந்த டயர் காற்று, மேலே போய் ஓர் இரவு நின்றதும் குறைவாகக் காட்டும். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் அழுத்தம் 0.1 பாருக்கு மேல் விழும். மஞ்சள் விளக்கு எரிந்தால் பஞ்சர் என்று பதற வேண்டாம். ஆறிய டயரில் அளந்து, கதவுத் தூணில் போட்டிருக்கும் முழுச் சுமை அளவுக்கு ஏற்றுங்கள்.

⁂

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை. காப்பீடு "அடக்கம்" என்று இருந்தாலும், சேதம் வந்தால் உங்கள் பங்காக ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கும். வேனுக்கு அது காரைவிட அதிகம். டயர், கண்ணாடி, கூரை, அடிப்பகுதி இந்த நான்கும் வழக்கமாக விலக்கில் இருக்கும். மலையில் அடிபடுவதும் இந்த நான்கும்தான்! கிரெடிட் கார்டு தரும் வாடகைக்கார் காப்பீட்டை நம்புபவர்கள் அட்டையின் விதிகளைப் படியுங்கள். பல அட்டைகள் இருக்கை எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துப் பெரிய வேன்களை வெளியே தள்ளிவிடுகின்றன. செயின் மாட்டி வீல் ஆர்ச்சில் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவில்) கீறினால் யார் பொறுப்பு என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள். செயினையே அனுமதிக்காத ஒப்பந்தங்களும் உண்டு.

ஜெனீவா விமான நிலையத்தில் சுவிஸ் பக்கம், பிரெஞ்சுப் பக்கம் என்று இரண்டு வாடகைப் பிரிவு. பிரெஞ்சுப் பக்கம் பெரும்பாலும் மலிவாகக் காட்டும். ஆனால் சுவிஸ் பக்க வண்டிகளில் குளிர்கால டயரும், 40 பிராங்க் மதிப்புள்ள நெடுஞ்சாலை விக்னெட்டும் (சுங்க வில்லை) வழக்கமாகவே இருக்கும். பிரெஞ்சுப் பக்கத்தில் டயரைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கலாம், கூட்டினால் மிச்சம் கரைந்துவிடும். திருப்பிக் கொடுக்கும்போது எடுத்த பக்கத்திலேயே விட வேண்டும். பக்கம் மாறிப் போய்விட்டால் சுற்றி வரும் நேரத்தில் விமானம் போய்விடும்.

ஐரோப்பாவில் 9 சீட் வேன் என்றால் மேனுவல் கியர்தான் பொது வழக்கம். ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டுபவர்கள் தேடும்போதே அதை வடிகட்டிவிடுங்கள். சாதாரண B உரிமத்தில் ஓட்டுநரோடு ஒன்பது பேர், 3.5 டன் வரைதான். பத்தாவது ஆள் வந்தால் வேறு உரிமம்.

⁂

செயின் எப்படி மாட்டுவது என்று மேலே சொல்லவில்லை. டயர் பக்கத்தில் 215/65 R16 என்பதுபோல் இருக்கும் எண்ணுக்கு ஏற்ற செயின்தானா என்பதைக் கவுண்டரிலேயே சரிபாருங்கள். ஒரே மாடல் வேனில் இரண்டு மூன்று டயர் அளவு இருக்கும். எந்தச் சக்கரம் இழுக்கிறதோ அதில்தான் மாட்ட வேண்டும். முன்சக்கர இயக்க வேனில் பின்னால் மாட்டிவிட்டுத் திணறுபவர்கள் இருக்கிறார்கள்.

வளைய வகைச் செயின் என்றால் இப்படி. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டால் டயருக்குப் பின்னால் கை நுழையும். வளையத்தைப் பிரித்துத் தரையோடு டயரின் பின்புறம் தள்ளுங்கள். இரண்டு முனைகளையும் மேலே கொண்டுவந்து கோத்து, வளையத்தை டயருக்குப் பின்பக்கம் அமுக்கி விடுங்கள். முன்பக்கம் வண்ணக் கொக்கியை மாட்டி, இழுவைச் சங்கிலியைப் பூட்டுக்குள் விட்டு இறுக்கி, மீந்த நுனியை ரப்பரோடு சேர்த்து மாட்டுங்கள். சில மீட்டர் உருட்டி நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். இந்த இரண்டாம் இறுக்கத்தைத் தவிர்த்தால்தான் செயின் தளர்ந்து வீல் ஆர்ச்சை அடிக்கும். வேகம் 50 கி.மீ. தாண்டக் கூடாது, வெறும் தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்கள்.

காய்ந்த இடத்தில், வெளிச்சத்தில் ஒருமுறை மாட்டிப் பழகினால் போதும். இருட்டில், காற்றில், விரல் மரத்த நிலையில் விளக்கத் தாளைப் பிரிப்பது தண்டனை. ரப்பர் கையுறை, தலையில் மாட்டும் விளக்கு, முட்டி போட ஒரு பழைய மிதியடி, மடக்கு மண்வெட்டி இருக்கட்டும். இழுவைக் கொக்கி எங்கே இருக்கிறது என்று வண்டி எடுக்கும்போதே தேடிவிடுங்கள். அதைப் பம்பரில் திருகும்போது சில வண்டிகளில் இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும், வலப்பக்கம் சுற்றிப் பார்த்துவிட்டு உடைந்திருக்கிறது என்று நினைப்பார்கள்.

⁂

அமெரிக்காவில் 12, 15 சீட் வேன் எடுக்க நினைப்பவர்கள் கவனிக்க: பத்துப் பேருக்கு மேல் ஏறினால் ஈர்ப்பு மையம் மேலேயும் பின்னாலேயும் போய், வண்டி கவிழும் வாய்ப்பு கூடும். ஆட்களை முன்வரிசைகளில் நிரப்பி, கனமான சாமானைப் பின்னச்சுக்கு முன்னால் தாழ வைத்து, கூரையை வெறுமையாக விடுவதுதான் முறை. 15 சீட் வேனில் கடைசி வரிசையை லேசான சாமானுக்கு விட்டு 11 பேரோடு நிறுத்திக்கொள்ளலாம். பின்பக்கம் இரட்டைச் சக்கரம் இருந்தால் சாதாரணச் செயின் பொருந்தாது.

பன்னிரண்டு பேருக்கு மேல் என்றால் ஓட்டுநரோடு மினி பஸ்தான் என் கட்சி. ஐரோப்பிய விதிப்படி ஓட்டுநர் நாலரை மணி ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, பொதுவாக நாளுக்கு 9 மணி நேரம்தான் வரம்பு. அதைத் தாண்டும் தூரத்துக்கு இரண்டாவது ஓட்டுநரோ இரவுத் தங்கலோ சேரும். விலை கேட்கும்போதே அதையும் கேளுங்கள்.

⁂

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வெப்பமான சமவெளியில் நிரப்பிய டீசல் கடுங்குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும். பாதி டேங்கோடு ஏறி, மலை ஊரில் குளிர்கால டீசலால் நிரப்புங்கள். கண்ணாடி கழுவும் நீரும் அப்படியே. அதன் தொட்டியில் இருப்பது வெறும் தண்ணீராக இருந்தால் குழாய் உறைந்து, உப்புச் சேறு அடித்த கண்ணாடியோடு ஓட்ட வேண்டிவரும். மைனஸ் 20 டிகிரி தாங்கும் திரவத்தை வாங்கி ஊற்றி, நீர் பீய்ச்சும் முனைகளுக்குள் போகும்வரை இரண்டு மூன்று முறை பீய்ச்சிவிடுங்கள்.

இரவு நிறுத்தும்போது கேபிள் ஹேண்ட்பிரேக்கை ஈரத்தோடு இழுத்து வைத்தால் காலையில் ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வைப்பரைத் தூக்கி நிறுத்துங்கள். ஈர பூட்ஸோடு எட்டுப் பேர் ஏறியதும் கண்ணாடி முழுக்க மூடிக்கொள்ளும். ஏசியையும் சூட்டையும் சேர்த்துப் போட்டு, உள்காற்றுச் சுழற்சியை அணைத்தால் சில நிமிடங்களில் தெளியும். இறக்கத்தில் மேனுவல் என்றால் இரண்டாவது கியர், ஆட்டோமேட்டிக் என்றால் கைமுறை வகையில் குறைந்த கியர். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அடிவாரத்தில் புகை வாசம் வரும்.

எடுக்கும்போது வண்டி மேல் பனியோ சேறோ இருந்தால் கழுவித்தரச் சொல்லிவிட்டுப் படம் எடுங்கள்: நான்கு ரிம், முன்கண்ணாடி, கூரை, பம்பர் அடி, ஓடோமீட்டர், எரிபொருள் முள். திருப்பும் நாளிலும் உப்பைக் கழுவியபின் அதே கோணத்தில் எடுங்கள். ஆளில்லாத நேரத்தில் சாவிப் பெட்டியில் போடுவதாக இருந்தால், அவர்கள் வந்து பார்க்கும்வரை வண்டி உங்கள் பொறுப்பு என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். அதனால் சாவியைப் போடும் முன் வண்டி நிற்கும் இடத்தையும் அதன் எண்ணையும் ஒரே படத்தில் பிடியுங்கள்.