மூணு எம்எல்லுல முழு ரோல் கழுவுன மகராசன்

தக்கலைக்காரன்:
நேத்து ஒரு அண்ணன் இங்க எழுதியிருக்காரு, கறுப்பு வெள்ளை பிலிம் கழுவுற ரோடினால் மருந்துல ஒரு பங்குக்கு நூறு பங்கு தண்ணி, அதாவது 1+100, அந்த விகிதம் சரியா இருந்தா போதுமாம், 300 எம்எல் டேங்குக்கு 3 எம்எல் விட்டா 36 பிரேமும் பளிச்னு வருமாம். வாசிச்சதுலேந்து சோறு எறங்கல. எங்க வீட்டு பிள்ளைக்கு சளி மருந்தே இதவிட கூட ஊத்துவோம். ஒரு ரோலுக்கு 5 எம்எல்லாவது வேணும், பழைய ஆளுக 10ன்னு சொல்லுவாங்க.

முட்டம்அலை:
அந்த அண்ணன் நாந்தான், பேரச் சொல்லியே எழுதலாமே ஓய். பன்னெண்டு ரோல் கழுவியாச்சு. டேங்குக்க அடியில 290 எம்எல்னு போட்டிருக்கான், அவன் என்ன மடையனா?

தக்கலைக்காரன்:
அது பிலிம் சுத்துற ரீல் முங்குறதுக்கு உள்ள அளவாக்கும். அதுக்குப் பக்கத்துலயே 120ன்னு சொல்லுற அகல பிலிமுக்கு 500ன்னு போட்டிருக்கே, அது கண்ணுல படலியா? 120 ரோலும் 36 பிரேம் ரோலும் பரப்பளவுல ஏறக்குறைய ஒண்ணுதான், 80 சதுர இஞ்ச். அதே 1+100ல 120க்கு 5 எம்எல் போவுது, உம்ம 35 எம்எம் ரோலுக்கு மட்டும் 3. அவியல்ல ருசி சரியா இருந்தா போதுமா, பந்தி முடியாண்டாமா?

முட்டம்அலை:
அவியல் கதையெல்லாம் வேண்டாம். நான் கழுவுதது ஸ்டாண்ட் முறை, அதுன்னாலே மருந்து தீரணும். டேங்க ஒரு மணிக்கூர் ஆட்டாம வச்சா படத்துல வெளிச்சமான எடத்துல மருந்து தீந்து நிக்கும், நெழல்ல படம் பைய ஏறிட்டே இருக்கும், அதுக்குத்தான இந்தப் பாடே.

தக்கலைக்காரன்:
தீரணும், ஏற வேண்டியது ஏறுன பொறவு தீரணும். நீரு போட்ட முட்டம் படத்துல அலை நுரையே சாம்பலு கலரு, நான் மழை நாளுன்னுல்லா நெனச்சேன். 3 எம்எல்லு!

வடசேரிசந்தை:
கோடாக்குக்க டி-76ங்கிற மருந்துல, பாதிக்குப் பாதி தண்ணி சேத்து 1+1ல, 473 எம்எல்லுக்கு ஒரு 36 ரோல்னு கணக்கு. 237 எம்எல் டேங்குல போட்டா நேரத்த 10 சதவீதம் கூட்டச் சொல்லுதான்.

முட்டம்அலை:
கேட்டீரா! கோடாக்காரனே கொறச்சுப் போட வழி சொல்லிருக்கான்.

தக்கலைக்காரன்:
நேரத்த ஏன் கூட்டச் சொன்னான்? மருந்து பத்தாதுன்னு அவனே ஒத்துக்கிட்டான்லா. வடசேரி அண்ணே, நீங்க யாரு பக்கம்?

வடசேரிசந்தை:
நான் கணக்க சொன்னேன், அவ்வளவுதான்.

குளச்சல்கட்டுமரம்:
எம்எல் கெடக்கட்டும், நம்மூரு பைப் தண்ணி உச்சிக்கு 29 டிகிரி நிக்கும், ஐஸ் போட்டு கழுவுறதுக்கு வேண்டிய 20க்கு எறக்குனாலும் ஒரு மணிக்கூர் அது எப்பிடி அங்கேயே நிக்கும்? அதும் எங்க கெணத்துத் தண்ணி உப்பு வேற.

முட்டம்அலை:
உப்புத்தண்ணியில கழுவிட்டு நீரு எனக்க நெகட்டிவ குறை சொல்லாதேயும்.

குளச்சல்கட்டுமரம்:
நான் எப்போ ஓய் சொன்னேன்? போன வருசம் மார்த்தாண்டத்துல வச்சு வாங்கிட்டுப் போன ரீல் என்னாச்சு, அத சொல்லும்.

தக்கலைக்காரன்:
ரீலும் இரவலா? மருந்து ஏன் 3 எம்எல்லுன்னு இப்பத்தான் வெளங்குது.

முட்டம்அலை:
ரீலுக்கும் மருந்துக்கும் என்ன ஓய் சம்பந்தம்? ரோடினால் 1891லேந்து இருக்கு, எத்தன பேரு எத்தன விதமா கலக்கியிருப்பான், எல்லாவனும் தக்கலைக்கு வந்து ஒம்மகிட்ட கேட்டுட்டா கலக்கினான்?

தக்கலைக்காரன்:
கேட்டிருந்தா நுரை வெள்ளையா வந்திருக்கும். பெரிய டேங்குல 500 எம்எல் விடும், 5 எம்எல் தானா போயிரும், அதுக்கு ஏன் இந்தப் பிசுக்கு? பிலிம் வெலையில ரெண்டு எம்எல் மருந்து எந்த மூலைக்கு?

முட்டம்அலை:
பதிமூணாவது ரோல இன்னைக்கு ராத்திரி கழுவுதேன். 3 எம்எல்லுலதான்.